தண்ணீர்த் தொட்டியில் நின்ற டிராம்

போன மாதம் பினாங்கில் மாக்சின் ரோட்டில் குழாய் புதைக்கத் தோண்டினார்கள். தாருக்கு அடியில் என் தண்டவாளம் கிடந்தது. என் தண்டவாளம் என்று சொல்லக் கூடாதுதான். ஆனாலும் பார்த்ததும் எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது. பஸ் ஓட்டும் பிள்ளைகள் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். அப்போது அவர்களில் ஒருவன் கேட்டான்.

"தாத்தா, ஒங்களுக்கு டிராம் ஓட்ட யாரு கத்துக் குடுத்தா? வெள்ளக்காரனா?"

"இல்லப்பா. என் பொண்டாட்டி."

"அவங்களும் டிராம் ஓட்டுனாங்களா?"

"இல்ல. அவ கச்சான் கடல வித்தா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது உண்மை. அதை விவரமாகச் சொல்லுங்கள், பஸ்காரர் சங்கத்து மலரில் போடுகிறோம் என்றார்கள். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லச் சங்கத்துத் தம்பி எழுதுகிறார். நான் பேசுவதை அச்சுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்வாராம். சரி, என் பேச்சைத் திருத்திக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பேசியதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். "தாத்தா, கொஞ்சம் சீக்கிரம்" என்கிறார் அடிக்கடி. டிராம்காரனிடம் போய்ச் சீக்கிரம் என்றால் எப்படி?

டிராமுக்கு முன்னால் என்னிடம் இருந்தது மாட்டு வண்டி. இரண்டு மாடுகள். பெரியவன், சின்னவன் என்று பெயர். உருவத்தில் சின்னவன்தான் பெரியவன். வாங்கும்போது வைத்த பெயர், பிறகு அவன் வளர்ந்துவிட்டான். ஆயர் ஈத்தாம் ஆற்றில் மணல் அள்ளி, தாத்தோ கிராமாட் ரோடு வழியாக டவுனுக்குக் கொண்டுவந்து டிராம் டிப்போவில் கொட்டுவது என் வேலை. டிராமுக்கு மணல் எதற்கு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மழை பெய்தால் தண்டவாளம் வழுக்கும். வண்டிக்கு அடியில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய். டிரைவர் காலால் மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும். அப்போதுதான் சக்கரம் பிடிக்கும். பினாங்கு மழை உங்களுக்குத் தெரியும். அதனால் என் மாடுகளுக்கு ஓய்வே இல்லை.

அந்த மணலில் ஒரு கூடை எங்கள் வீட்டுக்கும் போகும். என் மனைவி பாப்பாத்தி அதைக் கழுவிக் காயவைத்து, இரும்புச் சட்டியில் போட்டுச் சூடாக்கி, அதில்தான் கச்சான் வறுப்பாள். வறுத்ததைப் பெரிய கூடையில் கட்டிக்கொண்டு ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து டிராம் ஏறி, பூலாவ் தீக்கூஸ் பக்கம் போய் விற்பாள். கூடைக்காரர்கள் டிராமில் உட்கார முடியாது. பின்பக்கப் படியோரம் நின்றுகொண்டே போக வேண்டும். கோழிக் கூடை, மீன் கூடை எல்லாம் அங்கேதான். அவள் கச்சானில் சில நாள் கருவாட்டு வாசம் அடிக்கும். அதற்கென்றே வாங்குகிறவர்களும் இருந்தார்கள் என்று அவள் சொல்வாள். நான் நம்பவில்லை.

டிப்போவில் மணலைக் கொட்டிவிட்டு நான் உடனே கிளம்ப மாட்டேன். நின்று பார்ப்பேன். டிரைவர் முன்னால் நிமிர்ந்து நிற்பார். இடது கையில் பித்தளைக் கைப்பிடி. அதை ஒவ்வொரு படியாகத் திருப்பினால் வேகம் கூடும். வலது கையில் பிரேக். காலடியில் மணி. சாட்டை இல்லை, கயிறு இல்லை, ஹை ஹை என்ற கத்தல் இல்லை. அவ்வளவு பெரிய வண்டி அவர் மணிக்கட்டுக்குக் கட்டுப்பட்டு நகரும். அந்தப் பித்தளை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மணல் வண்டிக்காரனுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்டால் என்ன சொல்ல? ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

மாடு தானாக நடக்கும். வழி அதற்குத் தெரியும். நான் வண்டியின் முன்பலகையில் நின்றுகொண்டு இடது கையால் காற்றில் கைப்பிடியைத் திருப்புவேன். வலது கையால் பிரேக் போடுவேன். குதிகாலால் பலகையை மிதித்து மணி அடிப்பேன். எதிரில் ரிக்‌ஷா வந்தால் வேகத்தைக் குறைப்பேன். மாடு குறைக்காது, ஆனாலும் நான் குறைப்பேன். ஒரு நாள் அப்படியே நின்றபடி டிப்போ வாசலில் நுழைந்துவிட்டேன். அங்கே செல்லத்துரை ஐயா நின்றிருந்தார்.

அவர் டிராம் இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டிருப்பார். போட்டிருக்கும் கஞ்சியில் அவர் உட்கார்ந்தால் சத்தம் கேட்கும். கையில் குடை மாட்டியிருக்கும், மழையிலும் விரிக்க மாட்டார். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

"என்னடாப்பா, உனக்கு வலிப்போ?" என்றார்.

"இல்லீங்கய்யா. டிராம் ஓட்டுறேன்."

வண்டியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். "எத்தினையாம் படியிலை வாறாய்?"

"ரெண்டாவதுங்கய்யா. டிப்போ வாசல்ல அதுக்கு மேல போகக் கூடாதில்ல."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஓம். அது சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். பாப்பாத்தி கச்சானைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "அப்ப நெசமாவே கத்துக்க வேண்டியதுதான? வாய்ப்பு வந்தா தெரியாதுன்னு நிப்பியா?"

"டிராம் எங்க இருக்கு கத்துக்க?"

"இந்தா இருக்கு" என்று முற்றத்தைக் காட்டினாள்.

அன்று முதல் சாயங்காலம் எங்கள் முற்றத்தில் டிராம் ஓடியது. வேலி மூங்கிலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் செருகிக் கைப்பிடி செய்தேன். உடைந்த கிணற்று ராட்டினம் பிரேக் ஆனது. பிஸ்கட் டின் மூடி காலடியில் மணி. ஆனால் இதெல்லாம் சாமான்தான். அதை ஓட வைத்தது அவள். மோட்டார் சத்தத்தை அவள்தான் போடுவாள். சட்டியைக் கிளறியபடி "ம்ம்ம்ம்" என்று மூக்கால் இழுப்பாள். நான் ஒரு படி கூட்டினால் அவள் குரலும் ஒரு படி ஏறும். ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும்.

நான் கற்பனையில் ஓட்டியதெல்லாம் வெறும் ரோடு. அவள் அன்றாடம் டிராமில் போகிறவள், அதனால் அவள் கற்பனையில் ஆட்கள் இருந்தார்கள். "மாமா, சீனன் வாத்துக் கூட ஒடஞ்சுபோச்சு, தண்டவாளம் பூரா வாத்து!" என்பாள். நான் பிரேக் போடுவேன். "குடிச்சிட்டு ஒரு கப்பல்காரன் ஒன் கைப்பிடியப் புடிக்கிறான், என்ன பண்ணுவ?" என்பாள். சில நாள் சொல்லாமலே மோட்டார் சத்தத்தை நிறுத்திவிடுவாள். அப்படியென்றால் வண்டியின் தலைக்கு மேல் இருக்கும் கோல் மின்சாரக் கம்பியைவிட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். உடனே கைப்பிடியைத் தொடக்கத்துக்குத் திருப்ப வேண்டும், நிற்க வேண்டும். திருப்பாமல் விட்டால், கண்டக்டர் கோலைத் திரும்ப மாட்டும்போது வண்டி எகிறிக் குதிக்கும்.

"ஓட்டிக்கிட்டே இருக்கியே! மோட்டாரு செத்து எவ்ளோ நேரமாச்சு! காதுல என்னா மணலா?"

வேறு சில நாள் கூடையை ஒதுக்கிவைத்துவிட்டு, அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என் முதுகுக்குப் பின்னால் உட்காருவாள். முகவாயைத் தூக்கிக்கொள்வாள்.

"இன்னிக்கி நா கூடயில்லாத பொம்பள. முன்பெஞ்சு டிக்கெட்டு. பாத்து ஓட்டுய்யா, சேல கசங்கிடப் போவுது."

நான் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு சமயம் டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். செல்லத்துரை ஐயா என்னை மணல் குவியலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "ரெண்டாம் படி, வாறியோ?" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெறும்வரை அவருக்கு நான் ரெண்டாம் படிதான். மாடுகளையும் வண்டியையும் சோமு என்ற ஆளிடம் விட்டுவிட்டேன். இனித் திரும்ப இடம் கிடையாது. டிப்போ முற்றத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினோம். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு மணியை மிதிக்க வரவில்லை என்பதுதான் என் ஒரே கஷ்டம்.

பரீட்சையைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. டிப்போவுக்கு எதிரில் ஒரு ஹைனான் சீனன் கோப்பிக் கடை. அந்தக் காலத்தில் பால் டின்னில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, அதில் கோப்பி ஊற்றிக் கொடுப்பான். செல்லத்துரை ஐயா விளிம்பு தட்ட ஒரு டின் கறுப்புக் கோப்பி வாங்குவார். கயிற்றை ஒரு விரலில் மாட்டி, கையை நீட்டி, டிரைவருக்குப் பக்கத்தில் நிற்பார். டின்னுக்கு நேர் கீழே அந்த வெள்ளைக் கால்சட்டை.

"சிந்தாமல் ஓட்டு. மற்றதெல்லாம் பிறகு."

வேறு பேச்சு இல்லை. ஆயர் ஈத்தாம் முனைவரை போக வேண்டும். பாஸ் என்றால் அங்கே நின்று, ஆறிப்போன கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். இல்லையென்றால் எந்த இடத்தில் தப்பு நடந்ததோ அந்த இடத்திலேயே கீழே ஊற்றிவிடுவார். ஒருவனுக்கு இரண்டு டின். இரண்டாவதையும் ஊற்றிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் ஓட்டினேன். கண்டக்டர் காதர் இரண்டு மணி கொடுத்தான். முதல் படி, மூச்சு, இரண்டாம் படி, மூச்சு. மாக்சின் ரோட்டு வளைவில் கோப்பி அசையவில்லை. தாத்தோ கிராமாட்டில் ஏறினோம். ஒரு ரிக்‌ஷா, ஒரு நாய், ஒரு சீனக் கல்யாண ஊர்வலம், எல்லாம் தாண்டினோம். காதில் பாப்பாத்தி மூக்கால் இழுப்பது கேட்கிற மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தேன். பெரிய அங்சானா மரத்தடி வந்தது. வேகத்தைக் குறைத்து, பூப்போல பிரேக் போட்டு, வண்டியை நிறுத்தினேன்.

யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை.

"ஏன் நிப்பாட்டினனி?" ஐயாவின் குரல் காற்றாகிவிட்டது.

"தண்ணி காட்டணும்ங்கய்யா."

"ஆருக்கு?"

மரத்தடியில் மாடுகளுக்கான கல் தொட்டி. எத்தனையோ வருஷமாக நான் நிறுத்துகிற இடம். என் வாய் என்னைக் கேட்கவில்லை. "மாட்டுக்கு" என்றது.

வண்டியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, மாடு எங்கே என்று மலாயில் கேட்டார். பின்னாலிருந்து காதர் கத்தினான்.

"அண்ணே! நம்ம மாடு மேல கம்பியில ஓடுது லா! அதுக்கு எங்கேர்ந்து தண்ணி காட்டுவீங்க?"

டிராம் முழுக்கச் சிரித்தது. செல்லத்துரை ஐயா டின்னைப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மெதுவாக இறங்கினார். தொட்டியருகே போய், கோப்பி முழுவதையும் நிதானமாக அதில் ஊற்றினார்.

"வந்தால் குடிக்கச் சொல்லு" என்றார். ஏறினார். டிப்போவில் இறங்கும்போது மட்டும், "மாட்டை மறந்துபோட்டு வா" என்றார்.

வீட்டில் பாப்பாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அட மாமா! நம்ம வூட்டு டிராமுலயும் நீ அங்க நிப்பியே! தாத்தோ கிராமாட்டு தாண்டி, ஒரு மணி அடிச்சு நிப்பியே! நா அந்தப் பக்கம் போனதில்லயா, அது பெரிய ஸ்டாப்புன்னுல்ல நெனச்சேன்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை சாயங்காலமும் நான் தப்பையும் சேர்த்துப் பழகியிருக்கிறேன். கனவில் டிராம் ஓட்டினேன், ஆனால் மாட்டை அவிழ்த்துவிடாமலே ஓட்டியிருக்கிறேன்.

"இன்னும் ஒரு டின்னுதான் பாப்பா. அதையும் ஊத்திட்டாருன்னா டிராமும் இல்ல, வண்டியும் இல்ல."

"ஊத்த மாட்டாரு" என்றாள். எழுந்து போய்க் குளியல் மறைப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சாடியருகே குந்தினாள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். "இப்ப நாந்தான் மாடு. ஓட்டு. என்னயத் தாண்டிப் போ."

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் ஓட்டிக்கொண்டு அந்த இடம் வருவேன். அவள் தலையைத் தூக்கி, "ம்மா" என்பாள். முதல் நாள் இருவரும் சிரித்து வண்டி கவிழ்ந்தது. பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். பெரியவன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பழகினாள். தாகத்தில் கடைசியாக ஒரு இழுப்பு இழுப்பான், அது அப்படியே வந்தது. என் வலது கை தானாகப் பிரேக்குக்குப் போகும். "கைய எடு!" என்று மாடு கத்தும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சீனத்தி, மாடு வாங்கியிருக்கிறீர்களா, பால் கிடைக்குமா என்று கேட்டாள். பாப்பாத்தி, "இது காள" என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு சாயங்காலம் அவள் என்ன கத்தியும் என் கை அசையவில்லை. தாண்டிப் போய்விட்டேன். அவள் துண்டை எடுத்துவிட்டு, "போ மாமா, ஒனக்குக் கல்லு மனசு" என்றாள். அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் நான் வாங்கியதில்லை.

இரண்டாவது டின். அதே காதர், அதே வெள்ளைக் கால்சட்டை. மாக்சின் ரோடு, தாத்தோ கிராமாட். அங்சானா மரம் தூரத்தில் தெரிந்தது. தொட்டியில் சத்தியமாக இரண்டு மாடுகள். கூட சோமு. பெரியவனும் சின்னவனும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிரேக்கைப் பார்க்கவில்லை. நேரே தண்டவாளத்தைப் பார்த்தேன். கல் மனசு, கல் மனசு என்று சொல்லிக்கொண்டேன்.

மரத்தடிக்குப் போகும் சமயம் மோட்டார் சத்தம் நின்றது.

முதலில் எனக்குத் தோன்றியது, பாப்பாத்தி நிறுத்திவிட்டாள் என்று. அடுத்த நொடி புரிந்தது. கோல் கழன்றுவிட்டது. கைப்பிடியைத் தொடக்கத்துக்குத் திருப்பினேன். நிற்க வேண்டும். நின்றால் சரியாகத் தொட்டி முன்னால் நிற்பேன். வேகம் இருந்தது, உருளவிட்டால் தாண்டிவிடலாம். ஆனால் கழன்ற கோல் மேலே குறுக்குக் கம்பியில் அடித்தால் கம்பி அறுந்து ஆட்கள் தலையில் விழும். பூப்போல பிரேக் போட்டேன். டிராம் தொட்டிக்கு நேராக நின்றது. பெரியவன் தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தான்.

ஊற்றுவதற்காக ஐயாவின் கை டின்னோடு வெளியே நீண்டது.

"திரும்பவும் மாடோ?" என்றார். உதடு அசைந்ததை வைத்துத்தான் கண்டுகொண்டேன்.

"இல்லீங்கய்யா. தல மேல பாருங்க."

அவர் வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார். கோல் ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் காதர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "நா சொல்றதுக்கு முன்னயே நிறுத்திட்டாரு ஐயா!" என்று கத்தினான்.

டின் உள்ளே திரும்பியது. காதர் கோலை மாட்டினான். இரண்டு மணி கொடுத்தான். கைப்பிடி தொடக்கத்தில் இருந்ததால் வண்டி குதிக்கவில்லை. முதல் படி, மூச்சு. கோப்பி அசையவில்லை.

ஆயர் ஈத்தாம் முனையில் செல்லத்துரை ஐயா இறங்கி, நிழலில் நின்று, அந்தக் கோப்பியைக் குடித்தார். அவ்வளவு நேரம் எடுத்துக் கோப்பி குடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. காதர் என் முதுகில் தட்டினான். கடைசியில் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"மோட்டார் நிண்டதை எப்பிடி உடனே பிடிச்சனி?"

"வீட்டுல பழக்கம்ங்கய்யா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஓட்டினேன். டிராம் போய் டிராலி பஸ் வந்தது, அதையும் ஓட்டினேன். ஆனால் பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் என் முதல் நாளோடு முடிந்துவிடுகிறது.

காக்கி உடுப்புப் போட்டு, ஜெட்டியில் வண்டியை நிறுத்தி நின்றுகொண்டிருந்தேன். பாப்பாத்தி வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய சேலை. தலையில் பூ. கையில் கூடை இல்லை. கூடை இல்லாமல் அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீசிக்கொண்டு வந்தாள். பின்படிக்குப் போகவில்லை. முன்னால் ஏறினாள். காதரிடம் காசைக் கொடுத்து, "முன்பெஞ்சு" என்றாள். என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முகவாயைத் தூக்கிக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாத்து ஓட்டுய்யா. சேல கசங்கிடப் போவுது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எங்கள் முற்றத்தில் ஓடியது ஒரு கனவு இல்லை, இரண்டு.

ஓட்டினேன். மாக்சின் ரோடு, தாத்தோ கிராமாட். அவள் அந்தப் பக்கம் அன்றுதான் முதல் தடவை வருகிறாள். வழியில் கண்டதையெல்லாம், "ஓ, இதானா அது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அங்சானா மரம் வந்தது. கல் தொட்டி வந்தது. மாடு ஒன்றும் இல்லை. அவள் பேச்சை நிறுத்தினாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால், தாகத்தில் கடைசி இழுப்பு இழுத்து,

"ம்மா" என்றாள்.

வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வலது கை அசையவில்லை. குதிகாலால் மட்டும் இரண்டு மணி அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.